அக்கரைப் புகை

"அந்த மூட்டையை எறக்கி வைடி! நிறைமாசக்காரி தூக்குற சுமையா அது?"

அக்கா கெனுவே போட்ட அதட்டலில் தினேயோ வறட்டி மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டாள்.

"நீ இருமுற இருமலுக்கு உன்னால தூக்க முடியுதா? அதான் தூக்கினேன்."

பெரிய பனி வருகிறது என்று ரேடியோ காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. லெசோத்தோ மலைக்காரர்களுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் இடுக்குகளில் சாக்கைத் திணித்தாயிற்று. கூரைத் தகரத்தின் மேல் கல் ஏற்றியாயிற்று. மக்காச்சோள மாவும் மண்ணெண்ணெயும் உள்ளே வந்துவிட்டன. கம்பளிகளை உதறி மடித்துக்கொண்டிருந்த தினேயோவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"பேசாம என் வீட்டுக்கு வந்துடுக்கா. இந்தக் குளிரை உன் நெஞ்சு தாங்காது."

"சினை ஆடுகளை யாரு பாப்பா? உன் மாமியாரா?"

"பக்கத்து வீட்டு மொஹாபிகிட்ட விட்டுட்டு வா."

"அவன்கிட்டயா! அவன் மாடு என் வைக்கோலைத் தின்னு தீர்த்துச்சே, ஏன்னு ஒரு வார்த்தை கேட்டானா? எச்சில் கையால காக்கா ஓட்டாத பய. செத்தாலும் அவன் வாசல்ல போய் நிக்க மாட்டேன்."

தினேயோவின் கண் கலங்கிவிட்டது. அவள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரு பெரும் பள்ளம். பனி மூடிவிட்டால் ஆடுகூட அதில் இறங்காது.

"உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா எனக்கு எப்படிக்கா தெரியும்? முதல் பனிக்கே போன் டவர் படுத்துடுமே."

"காலையில எந்திரிச்சு என் கூரையைப் பாரு. புகை வந்தா நான் நல்லா இருக்கேன். நீ வாசலைத் தாண்டக் கூடாது."

"புகை வரலைன்னா?"

கெனுவே அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். சாவு விழுந்த வீட்டில் மாதம் ஒன்று கழியும்வரை யாரும் அடுப்பு மூட்டக் கூடாது. மீறி மூட்டியவன் வீட்டுக்கும் சாவு வரும் என்று அந்த மலையில் எல்லோருக்கும் பயம்.

"வரலைன்னா நான் கிளம்பி வருவேன். யாரு தடுத்தாலும் வருவேன்" என்றாள் தினேயோ.

கெனுவே தங்கையின் வயிற்றில் கை வைத்தாள். "போன பனிக்கு என்னைப் பாக்க வர்றேன்னு வழுக்கி விழுந்து, வயித்துப் பிள்ளையைப் பறிகொடுத்தியே, அது போதாதாடி? இதையாவது பெத்துக் கையில கொடு."

மறுநாள் பனி கொட்டியது. சாயங்காலத்துக்குள் பள்ளம் எங்கே, பாதை எங்கே என்று தெரியவில்லை.

பொழுது விடிந்ததும் தினேயோ போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். அக்கரைக் கூரையில் புகை இல்லை. வெயில் ஏறியும் இல்லை. அவள் பூட்ஸை மாட்டத் தொடங்கியபோது கணவன் செகோ கையைப் பிடித்துக்கொண்டான்.

"பைத்தியமாடி உனக்கு? இந்த வயித்தோட எங்க போறே?"

"விடு என்னை! அவ விடியறதுக்கு முன்னாடி அடுப்பு மூட்டுறவ!"

"அங்க பாரு! பாருடி!"

மெல்லிய கோடாகப் புகை எழும்பியது. தினேயோ அப்படியே உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "தூங்குமூஞ்சி! என் உசிரையே எடுத்துட்டாளே!"

அப்புறம் ஒவ்வொரு நாளும் புகை தாமதமாகத்தான் வந்தது. ஆனால் வந்தது. பனி நின்றபாடில்லை. வலி எடுத்த அன்றைக்கும் வந்தது. மாமியாரே மருத்துவம் பார்த்தாள். பெண் குழந்தை பிறந்து வீறிட்டதும் தினேயோ முதலில் கேட்டது, "அக்கா வீட்டுல புகை வருதா?"

"வருது, வருது. மூச்சு முட்டுற அளவுக்கு வருது" என்றான் செகோ.

"வறட்டியை இப்படியா வாரிக் கொட்டுவா? மிச்சம் பிடிக்கவே தெரியாது அவளுக்கு" என்று சிரித்தாள் தினேயோ. "இவளுக்கு அவ பேரைத்தான் வைக்கப்போறேன்."

ஒருவழியாகப் பனி உருகிப் பாதை தெரிந்தது. பிள்ளை பெற்றவள் வாசல் தாண்டக் கூடாது என்று மாமியார் முணுமுணுத்தாள். தினேயோ காதில் வாங்கவில்லை. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, செகோவின் கையைப் பிடித்தபடி பள்ளம் இறங்கி ஏறினாள். கூரையில் புகை போய்க்கொண்டிருந்தது.

"அக்கா! கதவைத் தொற! குட்டி கெனுவே வந்திருக்கா!"

கதவு திறந்தது. கையெல்லாம் சாம்பலாக மொஹாபி நின்றான். காலடியில் ஒரு வறட்டிக் கூடை.

தினேயோவுக்குக் கோபம் பொங்கியது. "உனக்கு இங்க என்ன வேலை? அக்காவோட வறட்டியைக் களவாட வந்தியா?"

"இது என் வீட்டு வறட்டிம்மா. அவளோடது தீர்ந்து போச்சு."

"அக்கா எங்கே?"

மொஹாபி தொப்பியைக் கழற்றினான். அடுப்பைத் திரும்பிப் பார்த்தான்.

"முதல் ராத்திரியே போயிட்டாம்மா. இருமல் சத்தம் கேட்டு ஓடி வந்தேன். 'என் அடுப்பு மட்டும் அணையக் கூடாது மொஹாபி, அணைஞ்சா அந்தப் பைத்தியக்காரி வயித்தோட பள்ளத்துல இறங்கிடுவா'ன்னு என் கையைப் பிடிச்சுச் சொல்லிட்டுத்தான் போனா."