இரண்டிலும் நான்கிலும்

நான்கே சுரங்கள். தலைவன் பேசி முடிக்கும்வரை அவள் அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பியானோக்காரி தண்ணீர் குடிக்கலாம். டிரம்ஸ்காரன் பேருக்குத் தட்டிக்கொண்டிருந்தால் போதும். ஆள் உயர வயலினைப் போலிருக்கும் இவளுடைய பேஸ் நின்றால் மட்டும் மொத்தப் பாட்டும் பொத்தென்று விழுந்துவிடும்.

பாட்டின் நடுவில் இசையைத் தணித்துவிட்டு, யார் எப்படி இசைக்கு வந்தார்கள் என்று தலைவன் மைக்கில் கதை சொல்வது இந்த ஜாஸ் குழுவின் வழக்கம். சாக்ஸபோனைவிட வாய்தான் அவனுக்கு நன்றாக வாசிக்கும் என்பது பியானோக்காரியின் கட்சி.

வழக்கமாக இவளும் சிரித்துக்கொண்டே கேட்பாள். இன்று சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது மேசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

இவள் கூப்பிடவில்லை. இடம் தூரம், டிக்கெட் இல்லை, குளிர் உனக்கு ஆகாது என்று ஒவ்வொரு தடவையும் ஏதாவது சாக்கு. அம்மா தானே டிக்கெட் வாங்கி, தலைக்குச் சாயம் பூசி, சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாள்.

அம்மாவும் பேஸ்காரிதான். கடற்கரை ஓட்டலின் சாப்பாட்டுக்கூடத்தில், யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு மூலையில் நின்று, இவள் பிறப்பதற்கு முன்பிருந்தே வாசித்தவள். இவளுக்கு விரல் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவள். விரல் முட்டிகள் வீங்கி மடக்க முடியாமல் போனபோது பேஸை இவளிடம் தந்துவிட்டாள். இப்போது இவள் தோளில் சாய்ந்திருப்பது அதுதான்.

குழுவில் இவள் சேர வந்த அன்று தலைவன் ஓட்டலில் வாசிப்பவர்களைக் கிண்டலடித்துக்கொண்டிருந்தான். தட்டுச் சத்தத்துக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறவர்களாம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் இவள் பக்கம் திரும்பி, உனக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டான்.

யாருமில்லை என்றாள்.

அவள் சொன்னது அவ்வளவுதான். அதற்குக் கண், காது, மூக்கு வைத்து மேடைக் கதையாக்கியது அவன். கூட்டம் எப்போதும் ரசித்துச் சிரிக்கும் இடம் அது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அம்மா அதை ஒலிபெருக்கியில் கேட்கப்போகிறாள்.

தலைவன் பியானோக்காரியிலிருந்து ஆரம்பித்தான். அப்பாவின் நடன வகுப்பில் தினமும் ஒரே மெட்டை வாசித்து வாசித்துப் பைத்தியம் பிடிக்காமல் தப்பித்தவள். கூட்டம் தாளத்தோடு கை தட்டத் தொடங்கியது.

நாலு அடிக்கு ஒரு சுற்று. புதிதாக வருகிறவர்கள் ஒன்றிலும் மூன்றிலும் தட்டுவார்கள். ஜாஸ் காதில் ஊறியவர்கள் இரண்டிலும் நான்கிலும். டிவியில் யாராவது ஒன்றில் தட்டினால்கூட, சாப்பாட்டில் கல் கடித்தவள் மாதிரி அம்மா முகத்தைச் சுளித்துச் சேனலை மாற்றிவிடுவாள்.

அரங்கமே ஒன்றிலும் மூன்றிலும் தட்டியது. மூன்றாவது மேசையில் ஒரே ஒரு ஜோடிக் கை, இரண்டிலும் நான்கிலும்.

டிரம்ஸ்காரன் அவள் பக்கம் குனிந்தான்.

"அந்த மூணாவது மேசை அம்மாவைப் பாரேன். நம்ம ஆளு!"

 அவள் தலைவனிடம் கண்ணால் கெஞ்சினாள். தன் கதை வர அவசரப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு அவன் கண்ணடித்தான். சத்தமாக வாசித்து அவன் குரலை அமுக்கப் பார்த்தாள். டிரம்ஸ்காரன் முறைத்தான். அடுத்தது அவன் கதை: பள்ளி அணிவகுப்பில் எல்லோரும் இடப்பக்கம் திரும்பியபோது இவன் மட்டும் நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. கூட்டம் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

நிறுத்திவிடலாமா?

விரல்கள் நிற்க மறுத்தன. பக்கத்து மேசையில் தட்டு பறந்தாலும் பேஸ் நிற்கக் கூடாது. அம்மா முதன்முதலில் கற்றுக்கொடுத்ததே அதுதான்.

"அடுத்து நம்ம பேஸ்! இவங்க வீட்டுல பாட்டுன்னா என்னன்னே தெரியாதுங்க. காலிங் பெல் அடிச்சாலே கச்சேரின்னு நெனச்சுக்குவாங்க இவங்கம்மா. பழைய சாமான் கடையில கேட்பாரில்லாம கெடந்த இந்தப் பேஸைத் தூக்கிட்டு வந்து, யாரோட துணையும் இல்லாம, தானா கத்துக்கிட்டாங்க!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அம்மாவின் கைகள் அந்தரத்தில் நின்றன.

அம்மா இவளைப் பார்க்கவில்லை. பேஸைப் பார்த்தாள். அதன் கழுத்தில், தன் கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து வெளுத்துப்போன இடத்தைப் பார்த்தாள். மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது இவளுக்கு.

பக்கத்து மேசைப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் அம்மாவின் தோளைத் தொட்டு என்னவோ சொன்னாள். அம்மாவும் சிரித்தாள். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

பிறகு மறுபடியும் கை தட்டத் தொடங்கினாள்.

ஒன்று. மூன்று. ஒன்று. மூன்று. கூட்டத்தோடு கூட்டமாக, ஓர் அடிகூடப் பிசகாமல்.

இவள் கண்ணைக் கண்ணீர் மறைத்தது. நான்கு சுரங்களும் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

டிரம்ஸ்காரன் உச்சுக்கொட்டினான்.

"அட, அந்தம்மாவும் மாறிட்டாங்களே. நம்ம ஆளுன்னு நெனச்சேன்."