செவ்வாய் - வழி: சேதராப்பட்டு

"நம்ம கூடவே ஒருத்தி இருக்கா. மேலிடத்துக்கு எல்லாத்தையும் போட்டுக் குடுக்கறது அவதான். நாளைக்குக் கதவ உள்பக்கமா பூட்டிட்டா ஒருத்தரும் தப்பிக்க முடியாது..."

கம்பெனி பஸ்ஸின் பின்சீட்டிலிருந்து வந்த குரலைக் கேட்டதும் முன்சீட்டில் இருந்த சிந்தியா காதைத் தீட்டிக்கொண்டாள்.

திரும்பிப் பார்த்தாள். சுலோசனாதான். சுற்றிலும் நாலைந்து பெண்கள், தலையோடு தலை முட்டிக்கொண்டு. சிந்தியா பார்ப்பது தெரிந்ததும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

சிந்தியா சேதராப்பட்டு கம்பெனிக்கு சூப்பர்வைசராக வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தினமும் இதே கூத்து. பஸ் மேட்டுப்பாளையம் ஸ்டாப்பைத் தாண்டியதும் குசுகுசுவென்று ஆரம்பிக்கும். கம்பெனி கேட் வந்ததும், "சரி, மீதி நாளைக்கு" என்று சுலோசனா எழுந்துவிடுவாள்.

அதிலும் அந்தத் துர்கா! வேலை நேரத்தில் வாயே திறக்காதவள், பஸ்ஸில் மட்டும் சுலோசனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்புறம் என்னாக்கா?" என்று கேட்பாள்.

சின்னப் பெண்ணின் மனசைக் கெடுக்கிறாள். சிந்தியாவுக்குச் சந்தேகமே இல்லை.

நேராக மேனேஜர் நெல்சனிடம் போனாள்.

"சார், பின்சீட்ல என்னமோ நடக்குது. கதவப் பூட்டறதப் பத்திப் பேசறாங்க. என்னை உளவு சொல்றவன்னு வேற சொல்றாங்க."

"ஸ்ட்ரைக்கா?" நெல்சன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரு தலைமை?"

"சுலோசனா."

"செகண்ட் ஷிப்டுக்குத் தள்ளிடுங்க. பஸ்ஸு மாறினா கூட்டம் தன்னால கலைஞ்சிடும்."

மறுநாளே மாற்றியாயிற்று. பஸ்ஸின் பின்சீட்டில் சத்தமே இல்லை. துர்கா ஜன்னலில் தலையைச் சாய்த்தபடி வந்தாள். சிந்தியாவுக்கு நிம்மதியாக இருந்தது.

மதியம் செகண்ட் ஷிப்டுக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்த சுலோசனா, நேராக சிந்தியாவின் கேபினுக்குத்தான் வந்தாள்.

"மேடம், என்னைப் பழைய ஷிப்டுக்கே போட்டுடுங்க. இல்லன்னா துர்காவ இந்த ஷிப்டுக்கு மாத்துங்க."

"ஏன், ரெண்டு பேரும் சேர்ந்து கதவப் பூட்டணுமா?"

சுலோசனா விழித்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

"ஐயோ மேடம், அது ராக்கெட்டுக் கதவு!"

"என்னது?"

"தொடர்கதை மேடம். எங்கப்பா அந்தக் காலத்துல வாரப் பத்திரிகையிலேர்ந்து கிழிச்சு பைண்டு பண்ணி வெச்சிருந்தாரு. செவ்வாய் கிரகத்துக்குப் போறாங்க. கூடப் போறவங்கள்ல ஒருத்தி துரோகி. அதத்தான் சொல்லிக்கினு இருந்தேன்."

"கதைன்னா நான் பாத்ததும் எதுக்கு வாய மூடணும்?"

"கழுதை வயசாகியும் ராக்கெட்டு, கிரகம்னு பேசறோமேன்னு நீங்க சிரிப்பீங்கல்ல?"

சிந்தியா நம்பவில்லை.

"சரி, கதையாவே இருக்கட்டும். ஒரே நாள்ல சொல்லி முடிக்க வேண்டியதுதான? எதுக்கு தினம் பாதியில விடற?"

சுலோசனாவின் முகம் மாறியது. கேபின் கதவை ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.

"நீங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடி துர்கா வீட்டுக்காரரு லாரியில அடிபட்டுப் போனது உங்களுக்குத் தெரியாது. காரியம் முடிஞ்ச கையோட, நோணாங்குப்பம் பாலத்துல தனியா நின்னுக்கினு தண்ணியவே பாத்துக்கினு இருந்தா. நல்லவேள, நான் அந்தப் பக்கம் போனேன். என்னா சொல்லி வீட்டுக்கு இட்டாரதுன்னு புரியல. வாயில வந்தது இந்தக் கதைதான். பாதியில நிறுத்திட்டு, மீதிய நாளைக்கு பஸ்ல சொல்றேன்னேன். மறுநாள் வந்தா மேடம்."

சிந்தியா நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"பைண்டுல இருந்த கதை எப்பவோ முடிஞ்சிடுச்சு. இப்ப நானாத்தான் இட்டுக்கட்டறேன். முடிச்சிட்டா அந்தப் பொண்ணு என்னா ஆவுமோன்னு பயமா இருக்குது."

"நாளையிலேர்ந்து பழைய ஷிப்டுக்கே வந்துடு" என்றாள் சிந்தியா.

மேனேஜரிடம் சொல்லி ஷிப்டை மாற்றிவிட்டு, பேக்கிங் பக்கம் போய்த் துர்காவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"சுலோசனா எல்லாத்தையும் சொல்லிச்சு. நீ எதுக்கும் கலங்காத. நாளையிலேர்ந்து அது உன் பஸ்லதான் வரும். உனக்குக் கதை சொல்லும்."

துர்கா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா அவங்க பையனப் பத்திச் சொன்னாங்களா மேடம்?"

"பையனா? இல்லையே."

"ஒரே பையன். போன மழைக்குக் காய்ச்சல்ல போயிட்டான். வீட்ல அக்கா மட்டுந்தான். திரும்ப வேலைக்கு வந்தப்ப, பஸ்ல கல்லு மாதிரி ஒக்காந்திருந்தாங்க. யார் பேசினாலும் பதில் இல்ல. நான் பக்கத்துல போயி, 'ராக்கெட்டு எறங்குச்சா இல்லையாக்கா?'ன்னு கேட்டேன். அன்னிக்குத்தான் வாயத் தொறந்தாங்க."

சிந்தியா பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தாள்.

"இப்ப அந்தக் கதையில தலையும் இல்ல, வாலும் இல்ல மேடம். செத்துப்போன டாக்டரு ரெண்டு தடவ உயிரோட வந்துட்டாரு." துர்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "நான் தேறி ரொம்ப நாளாச்சு. அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."