பாயிண்ட் வக்கீலும் கீழ்வீட்டுக்காரரும்

"அந்த வாட்ச்மேனை இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பணும்!"

குடியிருப்போர் கூட்டத்தில் மூணாவது மாடி வக்கீல் மேசையைத் தட்டினார். அவருக்குப் பெயரே 'பாயிண்ட் வக்கீல்'தான்.

"பாயிண்ட் ஒண்ணு. மோட்டாரைப் போட்டுட்டு மறந்துட்டான். ரெண்டு. தொட்டி வழிஞ்சு லிஃப்ட்டுக்குள்ள தண்ணி. மூணு. இன்னிக்கு மோட்டாரை மறந்தவன் நாளைக்குக் கேட்டைப் பூட்ட மறப்பான். திருடன் நேரா மேல வந்துடுவான்!"

"எப்படி சார் வருவான்? லிஃப்ட்தான் ஓடலையே" என்றார் செயலாளர்.

சிரித்து முடிப்பதற்குள் நாலாவது பாயிண்ட் வந்துவிட்டது.

வாசலில் நின்ற வாட்ச்மேன் தொப்பியைக் கசக்கினான்.

"தப்புதாங்க. வீட்டுல பிரசவ நேரம். புத்தி அங்கேயே நின்னுடுச்சு. இப்போ வேலை போச்சுன்னா..."

"அஞ்சு! பரிதாபம் பார்த்தா நிர்வாகம் நடக்காது."

ஒருத்தராலும் மறுத்துப் பேச முடியவில்லை. பேச்சு அவ்வளவு கச்சிதம்.

அப்போதுதான் வக்கீல் வீட்டுக்கு நேர் கீழே குடியிருக்கும் கண்ணாடிக் கடைக்காரர் எழுந்தார். வாயில்லாப் பூச்சி. கூட்டத்தில் அவர் குரலை யாருமே கேட்டதில்லை.

"வந்து... மறதி யாருக்கு இல்லீங்க? இந்த ஒரு தடவை விட்டுடலாமே."

"காரணம்?" வக்கீல் உறுமினார்.

"அதான்... சொன்னேனே சார்." உட்கார்ந்துவிட்டார்.

கை தூக்கச் சொன்னார்கள். அத்தனை கையும் கடைக்காரர் பக்கம். வக்கீல் மனைவி மட்டும் ரெண்டு கையையும் தூக்கியிருந்தாள்.

வாட்ச்மேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் வக்கீல் வெடித்தார்.

"கட்டின பொண்டாட்டியே காலை வாரிட்டியேடி! அந்த ஆளு உருப்படியா ஒரு பாயிண்ட் சொன்னாரா?"

"அவரு எதுக்குங்க சொல்லணும்? போன மாசம் போன்ல யாருக்கோ சட்டம் பேசிக்கிட்டே பாத்ரூம் குழாயை மூட மறந்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

"அதுக்கென்ன இப்போ? நீதான் பார்த்து மூடிட்டியே!"

"நான் எங்கே பார்த்தேன்? கீழே அவரு வீடெல்லாம் ஒழுகி, தலை சொட்டச் சொட்ட அவருதான் மேல வந்தாரு. 'குழாயை மூடிடுங்கம்மா. சாருக்குத் தெரிய வேணாம், சங்கடப்படுவாரு'ன்னு சொல்லிட்டுப் போனாரு."