சுயநினைவோடு

"எழுந்து நில்லுங்க!" என்றார் பதிவாளர்.

எதிரே உட்கார்ந்திருந்த தம்பிக்காரன் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். சாராய நெடி குப்பென்று அடித்தது. பதிவாளர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

அப்பா விட்டுப்போன வீட்டை அண்ணனும் தம்பியும் சேர்ந்து விற்கிறார்கள். வெளியூரில் கடை வைக்கப்போகும் அண்ணன் முந்திக்கொண்டு கையெழுத்துப் போட்டாயிற்று. தம்பிதான் பாக்கி.

"எதுல கையெழுத்துப் போடப் போறீங்கன்னு தெரியுமா?"

"தெரியுமே! கல்யாண ரிஜிஸ்டர்."

"யாருக்குக் கல்யாணம்?"

"அண்ணனுக்கு!"

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அண்ணனுக்கு முகம் செத்துப்போனது.

"எப்பருந்துடா இந்தப் பழக்கம்? சார், நான் கையைப் பிடிச்சுப் போட வெச்சிடறேன்."

"நல்லா இருக்கே! சுயநினைவு இல்லாதவர் போடற கையெழுத்து செல்லாதுங்க. தெரிஞ்சே பதிஞ்சா என் வேலைக்கே வேட்டு."

"அப்ப நாளைக்குத் தெளிஞ்சதும் கூட்டிட்டு வர்றேன்."

வீடு வாங்க வந்தவர் குறுக்கிட்டார். "வேணாங்க. நாளைக்குக் கையெழுத்துப் போட்டுட்டு, நாளன்னிக்கு 'போதையில எழுதிட்டேன்'னு கோர்ட்டுக்கு இழுப்பார். எனக்கு வேற வீடா கிடைக்காது?"

விறுவிறுவென்று நடையைக் கட்டினார்.

"பெண்டாட்டி பிள்ளையை ஒரு நிமிஷம் நினைச்சியாடா?" என்ற அண்ணனும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

இவனை நம்பியும் ஒருத்தி கழுத்தை நீட்டினாளே என்று எண்ணிக்கொண்டே பதிவாளர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மதியம் கை கழுவப் பின்பக்கக் குழாயடிக்குப் போனார். தம்பி முகம் கழுவிக்கொண்டிருந்தான். கால் துளிகூடத் தள்ளாடவில்லை.

"அதுக்குள்ள தெளிஞ்சிருச்சாக்கும்?"

"மன்னிச்சிடுங்க சார். அந்த வீட்டை விட்டா பெண்டாட்டி, பொண்ணோட நான் தெருவுலதான் நிக்கணும்."

"அதை உங்க அண்ணன்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"அப்பா போனதுக்கப்புறம் என்னைப் படிக்க வெச்சு ஆளாக்கினவர் சார். அவர் முகத்துக்கு நேரா மாட்டேன்னு சொல்ல வாய் வரலை."

"அதுக்காக, இப்படிக் குடிச்சுட்டு வந்து நாலு பேர் முன்னாடி நிக்கிறதா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சத்தியமா ஒரு சொட்டு உள்ள போகலை சார். குடிச்சது இந்தச் சட்டை மட்டும்தான்."