வெள்ளைக் கண் குருவி

"உந்தக் குருவி எந்த நாட்டுக் குருவியெண்டு கெதியாச் சொல்லு பிள்ளை. தம்பி ரவுணுக்கை குறொன்லாண்டிலை பிளேன் ரிக்கெற் கடை வாசல்லை நிக்கிறான்."

மரியரஞ்சனி இப்படிக் கேட்பது ஐந்தாவது தடவை. புலம்பெயர்ந்து வந்த வடக்குக் குளிர்நாட்டில், ஹவுகன்ஸ்டுவா வீட்டின் சின்ன வரவேற்பறையில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. யன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

கணவன் பேனாட் இவளிடம் வந்துசேர யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டு ஒன்றரை வருடம். 'கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் ஆபிரிக்காவிலை அடைச்சு வைச்சிருக்கிறான். எந்த நாடெண்டே தெரியேல்லை' என்று நேற்று ஒரு மின்னஞ்சல். கூடவே ஒரு படம். மரத்தடியில் பேனாட், தலைக்கு மேலே தொங்கும் கூடுகள், குருவிகள். நாடு தெரிந்தால் தம்பி எட்வின் நாளைக்கே போய்த் தேடுவான். புருசனைக் கண்டுபிடிக்கக் குருவியை நம்பவேண்டிய நிலைமை!

மேல்மாடிச் சாருகா பல்கலைக்கழகத்தில் பறவைகளைப் பற்றிப் படிக்கிறவள். கணினியில் படத்தைப் பெரிதாக்கிவிட்டுத் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினாள்.

"பொறுங்கோ அக்கா. எல்லாம் தூக்கணாங்குருவிதான். மஞ்சளிலையே கனக்க இனம் இருக்கு. கண்ணைத்தான் பாக்கவேணும்."

"கண்ணிலை என்னடி இருக்கு?"

"சிவப்புக் கண் எண்டால் கனக்க நாட்டிலை இருக்கும். இது வெள்ளைக் கண். முகத்திலை செம்மஞ்சள்..." ஒரு பக்கத்தில் விரல் நின்றது. "தென்னாபிரிக்கா! அந்தப் பக்கத்தை விட்டால் வேறை எங்கையும் இல்லை."

"தம்பி, தென்னாபிரிக்கா! போடு ரிக்கெற்றை!" என்று மரியரஞ்சனி தொலைபேசியில் கத்தினாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அந்த மனுசன் அங்கை என்னத்தைச் சாப்பிடுதோ."

"அக்கா, ரிக்கெற் வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

"ஏன்?"

சாருகா படத்தின் மூலையைப் பெரிதாக்கியிருந்தாள். "மற்றக் கூட்டிலை ஒரு கறுப்புக் குருவி தொங்குது. செம்பழுப்பு முதுகு, மஞ்சள் கண். இது மேற்கு ஆபிரிக்காவிலை மட்டும்தான் இருக்கு."

"அப்ப அங்கையோ நிக்கிறார்?"

"இது ரண்டும் ஆபிரிக்காவிலை ஒரு மரத்திலை கூடு கட்டாது அக்கா. ஆரும் பிடிச்சு ஒரே கூண்டுக்குள்ளை விட்டால்தான் உண்டு."

"கூண்டோ? எங்கையடி அந்தக் கூண்டு?"

சாருகா அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து, புத்தகத்தை மூடினாள்.

"இஞ்சையிருந்து பஸ்ஸிலை ஒரு மணித்தியாலம். நான் சனிக்கிழமையிலை வேலை செய்யிற பறவைக்கூடம். மற்றக் குருவியையும் கண்டாப்பிறகுதான் மரம் பிடிபட்டது. உந்த மரத்துக்குப் போன கிழமையும் தண்ணி ஊத்தினது நான்தான் அக்கா."