விதிவசத்தால் வந்து தங்கியவர்கள்

ஃபீனிக்ஸ் பே கப்பல்துறையைப் பார்த்த ஜன்னலில் மழை விட்டு வெயில் அடிக்கிறது. சுற்றுலாக் கையேட்டின் மெய்ப்புத்தாளை மேசையில் விரித்துப் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார் பன்னீர்செல்வம். விருதுநகரிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. பழைய பதிப்பில் வெள்ளைக்காரர் காலத்தில் இந்தத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு வந்த குடும்பங்களைக் 'குற்றவாளிப் பரம்பரை' என்று அச்சிட்டிருக்கிறார்கள். எதிரே மெய்ப்புப் பார்க்கும் வைஜெயந்தியும் அந்தக் குடும்பங்களில் ஒருத்தி என்பதால் அவருக்கு அந்த வரியைப் படிக்கவே கூச்சம். அதை அடித்துவிட்டு, 'விதிவசத்தால் வந்து தங்கியவர்கள்' என்று பவ்வியமாக எழுதுகிறார். வைஜெயந்தி குலுங்கிச் சிரிக்கிறாள். கையிலிருந்த டீ தளும்பித் தாளின் ஓரம் நனைகிறது. "தங்கினாங்களா? எங்க கொள்ளுத்தாத்தா ஜெயில்ல இருந்தாரு சார், லாட்ஜ்ல இல்ல!" அவரும் சிரித்துக்கொண்டே மறுபடி எழுதுகிறார்: 'பாவப்பட்ட கைதிகளின் வாரிசுகள்.' வெளியே கப்பல் ஊதுகிறது. சிரிப்பு அடங்காத முகத்தோடு அவள் சிவப்புப் பேனாவை எடுக்கிறாள். 'கைதி'யைத்தான் அடிக்கப் போகிறாள் என்று அவர் காத்திருக்கிறார். பேனா அதற்கு முந்தின சொல்லைச் சுழிக்கிறது. "அரே சார், கைதிங்கிறது கொள்ளுத்தாத்தாவே சம்பாதிச்ச பேரு, இருக்கட்டும். இந்தப் பாவம் நீங்க குடுத்தது. நீங்களே வச்சுக்கங்க."