கலங்கரை விளக்கக் காவலர் வேடம்

"அந்தக் கலங்கரை விளக்கக் காவலர் வேஷத்துக்கு இவர் எப்படி, டெஸ்மண்ட்?"

சோஹோ பகுதியில் இருந்த அலுவலகத்தில் நடிகர் தேர்வைக் கவனிக்கும் ஹெஸ்டர், மடிக்கணினியைத் தயாரிப்பாளர் பக்கம் திருப்பினாள். நடிகர்கள் பட்டியலில் நெவில் ஆஷ்கிராஃப்ட் என்றொரு பெயர். பழைய புகைப்படம். தலை நிறைய முடி.

டெஸ்மண்ட் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "இவனா? நடிச்சு இருபத்தஞ்சு வருஷமாச்சு."

"தெரிஞ்சவரா?"

"சுமாரான நடிகன். விடு."

"அப்புறம் ஏன் வருஷா வருஷம் சந்தா கட்டி, பட்டியல்ல பேரை வச்சிருக்காரு? அதுவும் சொந்தப் பேரா இருக்காது. நடிகர் சங்கத்துல ஒரு பேர்ல ஒருத்தர்தான் இருக்கலாம்; இவரோட நிஜப் பேர்ல வேற ஆள் இருந்திருப்பாங்க, மாத்தியிருப்பாரு."

"சில பேருக்கு ஆசை விடாது."

"கண்ணைப் பாருங்க, கடலையே பார்த்துட்டிருந்த மாதிரி. இப்ப அறுபது இருக்கும். கூப்பிடவா?"

"வேற ஆளைப் பாரு, ஹெஸ்டர்."

"திங்கக்கிழமை ஷூட்டிங், ஆளே இல்லை. ஒரே நேரத்துல மூணு சீரியல் எடுக்கறீங்க. ஒரு பாவப்பட்ட மனுஷனுக்கு வாய்ப்பு குடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

அவர் தடுப்பதற்குள் எண்ணை அழுத்திவிட்டாள்.

டெஸ்மண்டின் மேசை இழுப்பறைக்குள் மணி அடித்தது.

திறந்தார். பொத்தான் வைத்த பழைய போன், முழுக்கச் சார்ஜ் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. ஹெஸ்டர் புகைப்படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆனால் அழைப்பைத் துண்டிக்கவில்லை.

டெஸ்மண்ட் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு போனைக் காதில் வைத்தார்.

"நெவில் பேசறேன்... இல்லைங்க, இப்ப கையில வேலை எதுவும் இல்லை. எப்ப வரணும்?"